வெறும் நீர்க் குழாயில் தெரிந்த மரபணு

தலைமைத் தடய ஆய்வகத்தில் இரத்தக் கறை ஆய்வுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய என்னை, தென்மாவட்டம் ஒன்றில் புதிதாகத் தொடங்கப்பட்ட டிஎன்ஏ பிரிவுக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று அங்கே இருந்தவை சுண்ணாம்பு வாசனை போகாத நான்கு அறைகளும், இன்னும் பிரிக்கப்படாத பெட்டிக்குள் ஒரு மரபணுப் பகுப்பாய்வுக் கருவியும், படிப்பை முடித்துவிட்டு நேராக வந்திருந்த ஐந்து இளம் அறிவியல் அலுவலர்களும்தான். கருவி வந்துவிட்டதால் அடுத்த வாரமே அறிக்கைகள் வரத் தொடங்கும் என்று மாவட்டக் காவல்துறை எதிர்பார்த்தது. முதல் அறிக்கையில் நான் கையெழுத்திட ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுத விரும்புகிறேன்.

முதலில் நான் கேட்டது சுவர்களை. நான்கு அறைகளும் ஒரே நடைபாதையில் திறந்தன. மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் 30 சுற்றுகள் முடியும்போது ஒரு மரபணுத் துண்டு கொள்கை அளவில் 100 கோடிக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகிவிடுகிறது. அந்தப் பெருக்கிய திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, துணியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் அறைக்குத் திரும்பிவிட்டால், அதன்பின் அந்த அறையில் திறக்கப்படும் எந்தச் சான்றுப் பொருளையும் நம்ப முடியாது. ஆகவே பெருக்கத்திற்கு முந்தைய அறைக்கும் பிந்தைய அறைக்கும் தனித்தனி வாசல், தனித்தனி மேலங்கி, தனித்தனிப் பேனா வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். பேனாவுக்கு எதற்குத் தனிக் கோரிக்கை என்று கோப்பு ஒருமுறை திரும்பியும் வந்தது. இரண்டாம் முறை விளக்கத்துடன் அனுப்பியபின் ஒப்புதல் கிடைத்தது.

மூன்றாம் மாதத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு தொகுதியோடும், மாதிரி எதுவும் சேர்க்காமல் நீரும் வேதிப்பொருட்களும் மட்டும் கொண்ட ஒரு குழாயையும் கருவியில் செலுத்துவோம். அதில் எதுவும் தெரியக் கூடாது. அன்று கருவியின் வரைபடத்தில், மரபணு இருப்பதைக் காட்டும் சிகரங்கள் ஏழு இடங்களில் எழுந்தன. பணியாளர்கள் அனைவரிடமும் எழுத்துப்பூர்வ இசைவு பெற்று எடுத்து வைத்திருந்த எங்கள் சொந்த மரபணு விவரங்களோடு ஒப்பிட்டபோது, அது எங்களில் ஒருவருடையது என்று தெரிந்தது. முகக்கவசம் சற்றே இறங்கியிருக்க, திறந்த குழாய்க்கு மேல் அவர் பேசியிருக்கிறார். அந்த இளைஞர் கண் கலங்கி நின்றார். வழக்குக்குரிய மாதிரிகள் வருவதற்கு முன்பே தவறு பிடிபடுவதற்காகத்தான் இந்த மாதங்கள் என்று அவரிடம் சொல்லி, நடந்ததை அவர் கையாலேயே பதிவேட்டில் எழுதச் செய்தேன்.

அன்று மாலை ஐவரையும் உட்கார வைத்து ஜெர்மனியின் ஹைல்பிரான் வழக்கைச் சொன்னேன். 2007இல் அங்கே ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் கிடைத்த பெண்ணின் மரபணு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குற்றங்களிலும் கிடைத்ததால், காவல்துறை ஆண்டுக்கணக்கில் ஒரு மர்மப் பெண்ணைத் தேடியது. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் பணியாற்றிய பெண்ணின் மரபணுதான் அது என்பது 2009இல் தெரிந்தது. நுண்ணுயிர் நீக்கப்பட்ட குச்சி என்றால் அதில் மனித மரபணு இல்லை என்று பொருளல்ல.

அறிக்கைகள் வெளியேறத் தொடங்கியபின் வந்த சோதனை வேறு விதமானது. பாலியல் குற்ற வழக்கொன்றில், கைதானவரின் மரபணு ஆடைக் கறையோடு பொருந்தவில்லை என்று எழுதினோம். விசாரணை அதிகாரி நேரில் வந்தார். "மேடம், அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். இன்னொரு முறை பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. தன் வழக்கு கைவிட்டுப் போகிறதே என்ற தவிப்புதான் இருந்தது. இன்னொரு அலுவலரிடம், யாருடைய மாதிரி என்று சொல்லாமல், தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யச் சொன்னேன். முடிவு மாறவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் 1986இல், மரபணு ஒப்பீட்டு முறையைக் கண்டறிந்த அலெக் ஜெஃப்ரீஸின் சோதனை முதலில் செய்ததும் இதையேதான் என்று விசாரணை அதிகாரியிடம் சொன்னேன்: குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயது இளைஞன் குற்றவாளி அல்ல என்று அது காட்டியது, உண்மையான குற்றவாளி காலின் பிட்ச்ஃபோர்க் 1988இல்தான் தண்டிக்கப்பட்டான். அதிகாரி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அறிக்கையை வாங்கிச் சென்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியை நான் இங்கே எழுதுவது முறையல்ல.

தடய ஆய்வகமும் காவல்துறையும் ஒரே உள்துறையின் கீழ் இருக்கும்போது இந்த உரையாடல் எல்லா நாளும் இவ்வளவு மரியாதையாக நடக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் காவல்துறை, தணிக்கையில் கடும் குறைகள் வெளிப்பட்டதால் 2002இல் தன் டிஎன்ஏ பிரிவை மூட நேர்ந்தது. 2014இல் அந்நகரத்தின் தடய ஆய்வுப் பணிகள் காவல்துறைக்கு வெளியே ஒரு தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. நம் ஆய்வகங்களும் அந்தத் திசையில் நகர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

* * *

மேடம் எழுதியதைப் படித்தபின், சான்றுப் பொட்டலத்தைக் கட்டியவன் பக்கத்திலிருந்தும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் காவல்துறையில் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன்.

ஒரு சிறுமியின் வழக்கில், ஈரம் காயாத ஆடையைப் பாலித்தீன் உறையில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, பதினொரு நாள் கழித்து அனுப்பினோம். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. ஒப்பிடத்தக்க மரபணு விவரம் கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தது. அதற்கு என்ன பொருள் என்று சிறுமியின் தந்தை என்னிடம் கேட்டார். நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும் என்பதை அதன்பிறகு வந்த பயிற்சியில்தான் கற்றேன்.

தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில், மரண தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் கைமாறிய விதத்தில் இருந்த குறைகளும் தாமதமும் அந்தத் தீர்ப்பில் விரிவாகப் பேசப்பட்டன. மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது விசாரணை அதிகாரியின் பொறுப்பு என்றும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்றும் நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தந்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பணியின் கடைசி ஆண்டுகளில், கடைவீதியில் வாங்கிய பழுப்புக் காகித உறைகளை எப்போதும் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று மீதமிருந்தவற்றை நிலைய எழுத்தரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.