காப்பிப்பொடி மணம் போகாமல் இருக்க வழி சொல்லுங்க

மக்களே, ஒரு உதவி வேண்டும். எங்க வீடு குளச்சல் பக்கம், எந்நேரமும் கடல்காற்று. நாகர்கோவில் போகும்போது 80க்கு 20 சிக்கரி கலந்து அரை கிலோ காப்பிப்பொடி கண்ணெதிரே அரைத்து வாங்கி வருவோம். முதல் வாரம் டிக்காஷன் இறங்கும்போதே மணம் வாசல் வரை வரும், அப்புறம் போகப்போக மணம் செத்து, பொடி டப்பா ஓரத்தில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு ஸ்பூனால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சிக்கரி ஈரத்தை இழுக்கும், நமக்கோ ஆடிச் சாரல், ஐப்பசி மழை என்று இரண்டு பருவமழையும் உண்டு.

ஃப்ரிட்ஜில் வை என்கிறார் மாமியார். வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே வியர்க்கும், மீன் வாடையும் ஏறும், எனக்கு மனசு ஒப்பவில்லை. கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைத்தால் மணம் நிற்கும், சரி, ஆனால் மிக்ஸியில் ஃபில்டருக்கு ஏற்ற பதம் வருமா? ரொம்ப நைஸாகப் போனால் டிக்காஷன் இறங்காதே.

கடலோரத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எவர்சில்வர் டப்பாவா, ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடியா? சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பவர்கள் உண்டா? தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் 100 கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அரைத்துத் தரும் கடை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.