புதுப்பிப்பு: மகளின் பெயருக்கு முன்னால் என் முதலெழுத்து

போன மாசம் கேட்டிருந்தேனே, மனைவியின் முதல் கணவர் காலமாகிவிட்டார், அவர் பிள்ளைக்கு என் பெயரைத் தகப்பன் பெயராகப் போட முடியுமா என்று. இலங்கையில் அட்டனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் விசாரித்தேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளையின் பெயரைத் திருத்தப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், ஆனால் தகப்பன் இடத்தில் என்னை எழுத மாட்டார்களாம். அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் மகவேற்பு (தத்தெடுப்பு) உத்தரவு வேண்டும். அதற்கான 1941ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி 14 வயதுக்குள் செய்ய வேண்டும், 10 தாண்டிய பிள்ளையின் சம்மதமும் தேவை.

எங்கள் மகளுக்கு 11. சரி என்று அவளிடமே கேட்டோம். "அந்த அப்பாட எழுத்தும் இருக்கட்டும், உங்கடதும் வரட்டும்" என்றாள். மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போதைக்கு மகவேற்பு மனு இல்லை; பெயரில் இரண்டு எழுத்தும் வருமா என்று திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.