பழுப்பு நாய்க்குடைகளோடு மூன்று பேர் பட்ட பாடு

எங்கள் அம்மாயிக்குத் தெரிந்தது புற்றுக்காளான், அரிசிக்காளான், அப்புறம் நாய்க்குடை. முதல் இரண்டும் குழம்புக்கு, மூன்றாவது காலால் தட்டிவிட. நான் அந்த மூன்றாவதற்குப் பெயர் தேடப் போய் மாட்டிக்கொண்டேன்.

போன ஐப்பசி மழையில், வெட்டிப்போட்ட வேப்பமரத்தின் அடிக்கட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பழுப்புக் காளான்கள் கூட்டமாக முளைத்திருந்தன. காலையில் பார்த்தது கருப்பட்டிப் பாகு நிறம். மத்தியானம் நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் கருத்த ஒன்று. சாயங்காலம் கோரைப்பாய் நிறத்தில் இன்னொன்று. மூன்று வகை என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். மறுநாள் ஒரே காளானுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. ஈரம் காயக் காய அதுவே நிறம் மாறுகிறது! குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளும் அப்படித்தான்: குஞ்சில் வெள்ளை, முற்றினால் கரும்பழுப்பு. போன் செயலி மூன்று படத்துக்கும் மூன்று பெயர் சொன்னதில் அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, குடையிலிருந்து உதிரும் வித்துப்பொடியின் நிறத்தைப் பார்ப்போம் என்று தண்டை நறுக்கி, குடையைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடி இரவு முழுக்க விட்டேன். காலையில் ஊதாச் சாயலோடு கரும்பழுப்பு வித்துப்பொடி. அதை வைத்து சாத்திரெல்லா என்ற காளான் கூட்டம் என்பது வரை வந்தேன். அதற்கு மேல் நுண்ணோக்கி வேண்டும். அங்கேயே நிற்கிறேன்.

* * *

நான் டொரன்டோவில் இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் ஹனி மஷ்ரூம் என்ற சமைக்கும் காளான் பொறுக்கப் போகும் நண்பரோடு ஒருமுறை போனேன். ஒரே உளுத்த மரத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு வகை. இரண்டுக்கும் தண்டில் வளையம். வீட்டில் வித்துப்பொடி எடுத்துப் பார்த்தால் ஒன்று ஹனி மஷ்ரூமுக்குரிய வெள்ளை, மற்றது இரும்புத் துரு நிறம். கலெரினா என்ற விஷக் காளானாக இருக்கலாம் என்றதும் நண்பர் முகம் மாறிவிட்டது. அதில் இருக்கும் அமடாக்சின் என்ற விஷம் வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு தேறிவிட்ட மாதிரி இருக்கும், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். கூடையோடு கொட்டினோம்.

* * *

எனக்குக் கொடைக்கானலில் டீக்கடை. போதைக் காளான் தேடி வரும் பையன்கள், சாணியில் முளைத்த ஏதோ ஒரு பழுப்பைப் பறித்துக்கொண்டு வந்து, "அண்ணா, அதுதானே இது?" என்று கேட்பார்கள். தெரியாது தம்பி என்றால் மறைக்கிறேன் என்று நினைத்துக் கண்ணடிக்கிறார்கள். உண்மையாகவே தெரியாதுங்க.