பையைத் துடைத்ததும் மெஷின் கத்தியது. சில நொடியில் கோக்கைன் என்று எப்படிச் சொல்கிறது?

பழையபை:
விமானம் ஏறப் போனபோது பாதுகாப்புச் சோதனையில் என் முதுகுப்பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். சின்னத் துணிப்பட்டை மாதிரி ஒன்றைக் குச்சியில் மாட்டி ஜிப், கைப்பிடி, அடிப்பக்கம் எல்லாம் தேய்த்து மெஷினுக்குள் செருகினார்கள். சில நொடியில் சிவப்பு, திரையில் கோக்கைன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி தேய்த்தார்கள், பச்சை. "போகலாம்" என்றார்கள், அவ்வளவுதான். பை செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. நான் அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மெஷின் பொய் சொன்னதா, இல்லை நிஜமாகவே பையில் ஏதாவது இருந்ததா?

குடுவை:
இரண்டும் இருக்கலாம். அந்த மெஷின் பெரும்பாலும் ஐஎம்எஸ் வகை, அயனிகளின் வேகத்தை அளப்பது. ஸ்வாபை, அதாவது தேய்த்த அந்தத் துணிப்பட்டையை, சூடாக்கி, அதில் ஒட்டியதை ஆவியாக்கி, அயனியாக்கி (பழைய மாடல்களில் இதற்கு நிக்கல்-63 என்ற கதிரியக்க மூலம் இருக்கும்), ஒரு சின்னக் குழாயில் மின்புலத்தில் ஓட விடும். சின்ன அயனி சீக்கிரம் போய்ச் சேரும், பருத்தது காற்று மூலக்கூறுகளில் முட்டி மோதித் தாமதமாக வரும். எல்லாம் மில்லி நொடிக் கணக்கு. மெஷின் பார்ப்பது அந்த ஓட்ட நேரத்தை மட்டும்தான், நேரம் பட்டியலில் உள்ள கோக்கைனோடு ஒத்துப்போனால் கத்தும். வேறொரு மூலக்கூறும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் வந்தால் அதற்கும் கத்தும். சென்ட், கிரீம் மாதிரிச் சாமான்கள் இதில் குறுக்கே வருவது தெரிந்த விஷயம்.

ஆனால் நிஜமாகவே இருந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு நானோகிராம் போதும், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு. பல நாடுகளில் புழங்கும் ரூபாய் நோட்டு மாதிரியான தாள்களிலேயே கோக்கைன் துகள் கண்டுபிடித்திருக்கிறார்கள், நோட்டு எண்ணும் மெஷின் அதை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரப்பி விடுகிறது. செகண்ட் ஹேண்ட் பைக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

நீலக்கரைசல்:
இதுவே நிறம் மாறும் கிட்டாக இருந்திருந்தால் உங்கள் பையில் ஒன்றுமே தெரிந்திருக்காது. அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற அளவு தூள் வேண்டும். கோபால்ட் தயோசயனேட் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும், கோக்கைன் பட்டால் பளிச்சென்று நீலம். பார்க்க அழகு, ஆனால் மரத்துப்போகச் செய்யும் லிடோகைனுக்கும் நீலம், அலர்ஜி மாத்திரையில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமினுக்கும் நீலம். அதனால்தான் அடுத்து அமிலம், குளோரோஃபார்ம் என்று படி வைத்திருக்கிறார்கள், அவசரத்தில் முதல் படியோடு நிறுத்துகிறவர்களும் உண்டு.

மார்க்விஸ் என்று இன்னொரு நிறம் மாறும் கரைசல், அது இன்னும் மோசம். ஃபார்மால்டிஹைடும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தது. படிக்கும்போது வகுப்பில் செய்திருக்கிறேன்: பீங்கான் தட்டில் ஆஸ்பிரின் பொடிமேல் ஒரு சொட்டு விட்டதும் சிவப்பு ஏறியது, பக்கத்துக் குழியில் வெறும் சர்க்கரை, அதுவும் மெதுவாகப் பழுப்பாகிக் கருத்தது. மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளுக்கு ஆரஞ்சு, பிறகு பழுப்பு. நேரம் பார்க்காமல் ஐந்து நிமிடம் கழித்து, அதுவும் மஞ்சள் விளக்கடியில் எட்டிப் பார்த்தால் எது எது என்று யார் சொல்வது?

பழையபை:
நன்றி, கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் கையில் பிடித்து லேசர் அடிக்கும் கருவி ஒன்று உண்டே, அதுவும் இதே கதையா?

ஒற்றைக்கோடு:
அது ராமன் கருவி, பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியைப் படிப்பது. பாக்கெட்டைப் பிரிக்காமலே பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கலாம், பொருளும் கெடாது, மூலக்கூறின் கைரேகை மாதிரி ஒரு வரைபடம் தரும். நான் அதைத்தான் நம்புவேன், ஆனால் தூளுக்கு மட்டும். பையில் ஒட்டிய துகளுக்கு உதவாது, வெள்ளி அல்லது தங்க நுண்துகள் பரப்பில் வைத்துப் பார்த்தால் ஒழிய. ஹெராயின் மாதிரி அழுக்குச் சரக்கு லேசரில் தானே ஒளிர்ந்து வரைபடத்தையே மூழ்கடித்துவிடும். கலவையில் ஃபென்டனில் (மிக வீரியமான வலிநிவாரணி) சொற்ப சதவீதம் மட்டும் இருந்தால் கோட்டை விடும், ஆளைக் கொல்ல அந்தச் சொற்பமே போதும்.

அதற்குத்தான் டெஸ்ட் ஸ்ட்ரிப், சரக்கைத் தண்ணீரில் கரைத்து அதில் நனைத்துப் பார்க்கும் பட்டை. இதில் ஒரு கூத்து. கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு என்றால் ஆமாம். இதில் இரண்டு கோடு என்றால் இல்லை, ஒரு கோடு என்றால் இருக்கிறது! மருந்து இருந்தால் அது பட்டையில் உள்ள ஆன்டிபாடியை (அந்த மருந்தோடு ஒட்டும் புரதம்) பிடித்துக்கொள்ளும், இரண்டாவது கோட்டில் ஒட்ட ஆன்டிபாடி மிஞ்சாது. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. மெத்தாம்ஃபெட்டமினைத் தண்ணீர் போதாமல் கெட்டியாகக் கரைத்தால் ஃபென்டனில் இல்லாமலே பாசிட்டிவ் காட்டும், அது தனிக் கதை.

குடுவை:
ஒன்று விட்டுப்போச்சு. பழையபை, உங்கள் பையைத் தேய்ப்பதற்கு முன்னால் வெறும் ஸ்வாபைப் போட்டுப் பார்த்தார்களா? முந்தின ஆளின் மிச்சம் மெஷினிலேயே தங்கியிருந்தால் அது உங்கள் தலையில் விழும். இரண்டாம் முறை பச்சை வந்ததையும் பெரிதாக எடுக்க வேண்டாம், முதல் ஸ்வாபே இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்திருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த முதல் ஸ்வாபையே லேபுக்கு அனுப்பி மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவி) பார்த்திருக்க வேண்டும். அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

பழையபை:
ஆமாம், என் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார்கள். வெறும் ஸ்வாப் எதுவும் போட்டதாக ஞாபகம் இல்லை. பையை இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன், போதுமா?

நீலக்கரைசல்:
கோக்கைன் உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும். ஜிப்பின் பல்லை மட்டும் ஒரு பழைய பிரஷ் வைத்துத் தேய்த்துவிடுங்கள்.