"பக்கத்துல என்ன ஜீன் இருக்கு?"

எம்.எஸ்சி. வரை உயிர்வேதியியல் படித்தவன் நான். கோடிங் சுத்தமாகத் தெரியாது. பிஎச்.டி.யின் முதல் ஆறு மாதம் லினக்ஸும் பைத்தானும் பழகுவதிலேயே போனது. அப்புறம்தான் ஒரு பூச்சியின் ஜீனோமை, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ. வரிசையை, கையில் கொடுத்தார்கள்.

ஜீன் வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் நிரலை ஓட்டிப் பார்த்தால், வேறு எந்தப் பூச்சியிலும் இல்லாத 40 ஜீன்கள் பாக்டீரியா ஜீன்களோடு அப்படியே பொருந்தின. பாக்டீரியாவிலிருந்து பூச்சிக்கு ஜீன்கள் தாவியிருக்கின்றன என்று நம்பிவிட்டேன். அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் கைடு கேட்டது ஒரே கேள்விதான்: "பக்கத்துல என்ன ஜீன்ப்பா இருக்கு?"

ஜீன் உண்மையிலேயே தாவியிருந்தால், பக்கத்தில் பூச்சியின் சொந்த ஜீன்கள் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். அந்த 40 ஜீன்கள் இருந்த டி.என்.ஏ. துண்டுகளில் பூச்சியின் ஜீன் ஒன்றுகூட இல்லை. பூச்சி ஜீன்களின் நடுவே வரும், பாக்டீரியா ஜீன்களில் பெரும்பாலும் இல்லாத இடைத்துண்டான இன்ட்ரானும் இல்லை. பூச்சியின் குடலில் இருந்த பாக்டீரியா, டி.என்.ஏ. எடுக்கும்போது கூடவே வந்திருக்கிறது. உட்கார்ந்து அழுதேன்.

அவர்தான் 2015-இல் நடந்ததைச் சொன்னார். நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கின் ஜீன்களில் சுமார் ஆறில் ஒரு பங்கு பிற உயிர்களிடமிருந்து வந்தது என்று வட கரோலினா குழு ஒன்று வெளியிட்டது. அதே இனத்தைத் தாங்களும் வரிசைப்படுத்தி வைத்திருந்த எடின்பரோ குழு, அவற்றில் பெரும்பாலானவை கலப்படம் என்று சில நாட்களிலேயே காட்டியது. அனுபவசாலிகளுக்கே நேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் மறுபடி கணினி முன் உட்கார முடிந்தது.

* * *

தம்பி, உங்கள் கைடு கேட்ட அதே கேள்விதான் கணினியில் ஜீனோம்களை ஆராயும் இந்தத் துறைக்கே என்னை இழுத்து வந்தது.

ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டின் முழு ஜீனோம் 1996-இல் வெளியானது. டப்ளினில் கென் உல்ஃபும் டெனிஸ் ஷீல்ட்ஸும் அந்தப் பொதுத் தரவை வைத்தே ஜீன்களின் அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். ஒரு குரோமோசோமில் வரும் ஜீன் வரிசை இன்னொன்றிலும் திரும்ப வந்தது. ஈஸ்டின் மூதாதையில் ஜீனோம் மொத்தமும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது என்று 1997-இல் எழுதினார்கள். 2004-இல் இரட்டிக்காத உறவுக்கார ஈஸ்டை வரிசைப்படுத்தியபோது, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் முதல் ஈஸ்டில் இரண்டு பகுதிகள் இருந்தன. சந்தேகம் தீர்ந்தது.

ஆய்வகம் இல்லாத கல்லூரியில் படித்த எனக்கு, கணினியும் பொதுத் தரவும் போதும் என்பது எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா!

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி.க்குப் பிறகு நான் இரண்டு போஸ்ட்டாக் ஆய்வுப் பணி செய்தேன், இரண்டும் ஒப்பந்த வேலை. வீட்டுக் கடன் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே குடும்பத்தோடு பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டேன், அம்மாவுக்கு ரொம்ப வருத்தம்.