மேட்ரிஜெல்லில் எம்.எம்.பி. தடுப்பான் கொடுத்தும் புற்றுநோய் செல் ஊடுருவுவது குறையவில்லை: தவறு எங்கே?

செல்தோட்டம் கேட்டது:

வணக்கம். மார்பகப் புற்றுநோய் செல்லான எம்.டி.ஏ.-எம்.பி.-231ஐ வைத்து ஊடுருவல் சோதனை நடக்கிறது. 24 குழி பிளேட், 8 மைக்ரான் துளை இன்சர்ட் (டிரான்ஸ்வெல், அதாவது குழிக்குள் மாட்டும், அடியில் துளைச் சவ்வுள்ள கிண்ணம்), அதன் மேல் மேட்ரிஜெல் (அடித்தளச் சவ்வுப் புரோட்டீன்களால் ஆன ஜெல்) பூச்சு. மேல் அறையில் சீரம் இல்லாத மீடியத்தில் மருந்தும் 50,000 செல்லும், கீழ் அறையில் 10 சதவீத சீரம். 48 மணி நேரம் கழித்துக் கிரிஸ்டல் வயலட் போட்டு எண்ணுகிறோம்.

செல்லைச் சுற்றியுள்ள புரோட்டீன் வலையைக் கரைக்கும் எம்.எம்.பி. என்சைம்களை மொத்தமாக முடக்கும் ஜி.எம்.6001ஐ 10 மைக்ரோமோலார் கொடுத்துப் பார்த்தாயிற்று. மருந்தில்லாமல் அதன் கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. மட்டும் விட்ட இன்சர்ட்டோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒரே மாதிரி வைத்த மூன்று இன்சர்ட்டுகளின் எண்ணிக்கையே ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. கீறல் சோதனையிலும் (செல் படர்ந்த தரையில் கோடு கீறி, அது மூடுவதைப் பார்ப்பது) மருந்து போட்ட குழியும் போடாத குழியும் ஒரே வேகத்தில் மூடிக்கொள்கின்றன.

செல் என்சைமைச் சுரந்து, சுற்றியுள்ள வலையைக் கரைத்து வழி போட்டுக்கொண்டு போகிறது என்றுதான் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் என்சைமை அடைத்தால் செல் நின்றுவிட வேண்டாமா? மருந்து கெட்டுவிட்டதா, ஜெல் சரியில்லையா, புரிந்துகொண்டதே தவறா?

நுண்துளை பதில்:

கீறல் சோதனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அங்கே செல்லுக்கு முன்னால் கரைப்பதற்கு எதுவும் இல்லை, வெறும் பிளாஸ்டிக் தரைதான். அதில் ஜி.எம்.6001 வேலை செய்யாதது போலத் தெரிவதில் வியப்பில்லை. தவிர, நேரம் நீண்டால் செல் பெருகியே கீறலை மூடிவிடும். நகர்வை மட்டும் பார்க்க வேண்டுமானால் முன்னதாக, செல் பெருகுவதை நிறுத்தும் மைட்டோமைசின் சி 10 மைக்ரோகிராம்/மி.லி. அளவில் 2 மணி நேரம் கொடுத்துக் கழுவிவிட்டுக் கீறுங்கள்.

இன்சர்ட் எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் பூச்சில்தான் கோளாறு. மேட்ரிஜெல் 10 டிகிரியைத் தாண்டினாலே இறுகத் தொடங்கும். குப்பியை முதல் நாள் இரவே ஐஸ் பெட்டியோடு 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், கையில் பிடித்து உருக்க வேண்டாம். டிப், டியூப், கரைக்கும் மீடியம் எல்லாமே முன்கூட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். புரோட்டீன் அளவு லாட்டுக்கு லாட் மாறும், அதனால் 'இத்தனை மடங்கு' என்று மனப்பாடமாகக் கரைக்காதீர்கள். சான்றிதழில் 9 மி.கி./மி.லி. என்று இருந்தால், 300 மைக்ரோகிராம்/மி.லி. கரைசல் 1 மி.லி. செய்ய 33 மைக்ரோலிட்டர் ஜெல், மீதி சீரம் இல்லாத குளிர் மீடியம். இன்சர்ட்டுக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, பிளேட்டைச் சாய்க்காமல் 37 டிகிரியில் 2 மணி நேரம். குமிழி ஒன்று மாட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும், செல் அத்தனையும் அந்த வழியாகவே இறங்கிவிடும். உலர்ந்தால் வெடிப்பு விடும். ஒவ்வொரு தடவையும் ஓர் இன்சர்ட்டைப் பலியிட்டு, செல் போடாமல், புரோட்டீனில் ஒட்டும் கூமாசி சாயம் விட்டுப் பூச்சு ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் வரும் எண்களை நான் நம்ப மாட்டேன்.

உங்கள் முறையில் கண்ணில் படும் இன்னும் சில:

மருந்து மேல் அறையில் மட்டும் இருந்தால் கீழே பரவி நீர்த்துப்போகும். இரண்டு அறையிலும் ஒரே அளவு வேண்டும், செல்லுக்கு 1 மணி நேரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

48 மணி நேரம் இந்தச் செல்லுக்கு மிக அதிகம். இறங்கிய செல் அடிப்பக்கத்திலேயே பிரிந்து இரண்டாகிவிடும். 22 முதல் 24 மணி நேரத்தில் நிறுத்துங்கள்.

பூச்சு இல்லாத இன்சர்ட் எங்கே? அது இல்லாவிட்டால் செல் ஊடுருவியதா, சும்மா நடந்து போனதா என்று பிரிக்கவே முடியாது. பூச்சைக் கடந்த எண்ணிக்கையைப் பூச்சில்லாததைக் கடந்த எண்ணிக்கையால் வகுத்து, சதவீதமாகச் சொல்வதுதான் முறை. ஊடுருவும் திறன் குறைந்த எம்.சி.எஃப்.-7 செல்லையும் கூடவே ஓட்டுங்கள். அதுவும் தாராளமாக இறங்கினால் பூச்சில் ஓட்டை என்று அர்த்தம்.

எண்ணும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சவ்வின் துளைகள் வட்டமாக, கூர்மையான விளிம்போடு தெரியும். செல் என்பது ஒழுங்கில்லாமல் விரிந்து, நடுவில் அடர் ஊதா உட்கருவோடு இருக்கும். மேல்பக்கத்தை ஈரப் பஞ்சுக்குச்சியால் இரண்டு முறை, முக்கியமாக ஓரத்தில் அழுத்தித் துடைக்காவிட்டால் மிச்சமிருக்கும் ஜெல்லும் சாயத்தைக் குடித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

கொலாஜன்வலை பதில்:

நுண்துளை சொன்ன அத்தனையையும் சரிசெய்த பிறகும் உங்கள் மருந்து மேட்ரிஜெல்லில் அரைகுறையாகத்தான் தடுக்கும் என்று எதிர்பாருங்கள். கேள்வியின் கடைசி வரிதான் முக்கியமானது, புரிதலில்தான் சிக்கல்.

செல்லின் உடல் எந்த இடுக்கிலும் பிதுங்கிப் போய்விடும். சிக்குவது உட்கரு. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது: எம்.எம்.பி.யை அடைத்துவிட்டால், புற்றுநோய் செல் ஏறத்தாழ 7 சதுர மைக்ரான் வரை குறுகிய துளையில் நுழைந்துவிடும், அதற்கும் கீழே போனால் நின்றுவிடும். உட்கருவின் குறுக்குவெட்டில் அது பத்தில் ஒரு பங்கு. இப்போது உங்கள் இன்சர்ட்டைக் கணக்குப் போடுங்கள். 8 மைக்ரான் விட்டம் என்றால் பரப்பு சுமார் 50 சதுர மைக்ரான், வரம்பைப் போல ஏழு மடங்கு. துளை தடையே இல்லை. 3 மைக்ரான் துளை இன்சர்ட்டின் பரப்பு கிட்டத்தட்ட 7, உட்கருவைச் சோதிக்க அது பொருத்தம்.

அப்போது தடை என்று மிஞ்சுவது மேட்ரிஜெல் மட்டும். அது எலியின் ஈ.எச்.எஸ். சார்கோமா கட்டியிலிருந்து எடுத்தது. லேமினின், நான்காம் வகைக் கொலாஜன், நிடோஜன், பெர்லக்கான் எல்லாம் இருக்கும். ஆனால் உடம்பில் இருக்கும் அடித்தளச் சவ்வில் கொலாஜன் இழைகள் வேதிப்பிணைப்பால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கும். மேட்ரிஜெல்லில் அந்தத் தையல் இல்லை, மென்மையாக வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளினால் விலகும். தைத்த துணியைக் கிழிக்கக் கத்தி வேண்டும், வைக்கோலை விலக்கக் கையே போதும். எம்.எம்.பி.தான் அந்தக் கத்தி.

இன்னொன்று, செல்லுக்கு ஒரே நடைதான் என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாக 231 செல் நீண்டு, முன்னால் ஆக்டின் நீட்சியை விட்டு, இன்டெக்ரினால் நாரைப் பிடித்து, மேற்பரப்பிலுள்ள எம்.டி.1-எம்.எம்.பி.யால் வெட்டிக்கொண்டு, பின்பகுதியைச் சுருக்கி இழுக்கும். என்சைமை அடைத்தால் சில செல்கள் உருண்டைக்கு மாறி, ரோ-ராக் என்ற சமிக்ஞைப் பாதை வழியாக மையோசினை இறுக்கி, அமீபா போலப் பிதுங்கி நழுவும். ஜி.எம்.6001 கொடுத்த கல்ச்சரை உயிரோடு நுண்ணோக்கியில் பாருங்கள், வடிவம் மாறியிருக்கிறதா என்று. மாறியிருந்தால் ராக் தடுப்பான் ஒய்-27632ஐ 10 மைக்ரோமோலார் சேர்த்து இரண்டையும் ஒன்றாக அடைத்து ஒரு குழி வையுங்கள். நான்கு நிலைகள்: ஒன்றுமில்லை, முதல் மருந்து, இரண்டாவது, இரண்டும்.

மருந்து உயிரோடு இருக்கிறதா என்பதை ஊடுருவலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கவர்ஸ்லிப்பில் ஒளிரும் ஜெலட்டின் மெல்லிய படலமாகப் பூசி, செல்லைப் போட்டு ஓர் இரவு விட்டால், செல்லின் அடியில் கறுப்புப் புள்ளிகள் விழும். இன்வேடோபோடியா (வலையைக் கரைக்கும் செல் நீட்சிகள்) கரைத்த இடம் அது, அவற்றின் புரோட்டீன்களான கார்டாக்டினும் டி.கே.எஸ்.5உம் அதே புள்ளியில் குவிந்திருக்கும். மருந்து சரியென்றால் இந்தக் கறுப்புப் புள்ளிகள் மறைய வேண்டும். உடம்பே சுரக்கும் எம்.எம்.பி. தடுப்பான்களான டிம்ப்-1, டிம்ப்-2 புரோட்டீன்கள் கைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது: எம்.டி.1-எம்.எம்.பி.யை டிம்ப்-2 அடைக்கும், டிம்ப்-1 அடைக்காது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தரக்கூடிய சோதனை முதல் வகைக் கொலாஜனில்தான். எலி வாலிலிருந்து அமிலத்தில் எடுத்ததை வாங்குங்கள். பெப்சினில் எடுத்ததில் டெலோபெப்டைடு முனைகள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், தையல் விழாது, மறுபடி மேட்ரிஜெல் கதைதான். 4 மி.கி./மி.லி. கையிருப்பிலிருந்து 2 மி.கி./மி.லி. ஜெல் 1 மி.லி. செய்ய: கொலாஜன் 500, பத்து மடங்கு பி.பி.எஸ். 100, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 11.5, குளிர் நீர் 388.5 மைக்ரோலிட்டர். எல்லாம் ஐஸில், காரத்தைக் கொலாஜனுக்கு முன்பே கலந்துவிடுங்கள். பி.எச். தாளில் 7.4 பக்கம் வர வேண்டும். 37 டிகிரியில் இறுகினால் நெருக்கமான சிறு துளை. 10 டிகிரிப் பக்கம் மெதுவாக இறுகவிட்டால் தடித்த நார், பெரிய துளை. அதே கொலாஜன், அதே செல், அதே மருந்து. நெருக்கமான ஜெல்லில் மருந்து தடுக்கும், தளர்ந்த ஜெல்லில் தடுக்காது. இந்த ஒரு படம் போதும்.

திசுவரி பதில்:

நோய்க்குறியியல் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே பேசுவதெல்லாம் தனித்தனிச் செல் பற்றி. ஸ்லைடில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் கூட்டம்.

வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள், புகையிலை மெல்லும் நம் நாட்டில் தினமும் வருவது. செதிள் செல்கள் ஒன்றையொன்று விடாமல் விரல் போல, கயிறு போல அடித்திசுவுக்குள் இறங்கும். முனையில் இருப்பது சில நேரம் புற்றுநோய் செல்லே இல்லை, ஃபைப்ரோபிளாஸ்ட். 2007இல் செதிள் செல் புற்றுநோயில் இதை நேரடியாகக் காட்டினார்கள்: ஃபைப்ரோபிளாஸ்ட் முன்னால் தடம் வெட்டும், புற்றுநோய் செல் அந்தத் தடத்தில் பின்னால் போகும். ஃபைப்ரோபிளாஸ்டை எடுத்துவிட்டாலும் வெட்டிய தடம் உதவும். அதனால் கத்தி யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் இன்சர்ட்டில் ஃபைப்ரோபிளாஸ்ட் இல்லை.

மார்பகத்தில் லோபுலார் வகை இதற்கு நேர்மாறு. செல்லோடு செல்லை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் போய்விடுவதால் செல்கள் பிடிப்பை விட்டு, ஒற்றை வரிசையாகக் கொலாஜன் நாரின் ஊடே எறும்புச் சாரி போல நிற்கும். ஒரே உறுப்பின் புற்றுநோயில் இவ்வளவு வேறுபாடு.

இந்த ஊடுருவல் எங்களுக்கு மில்லிமீட்டரில் அளக்கும் பொருள். வாய்ப் புற்றுநோயில் ஊடுருவல் ஆழத்தை, பக்கத்திலுள்ள நல்ல சளிச்சவ்வின் அடித்தளச் சவ்வுக் கோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே, கட்டியின் ஆழமான புள்ளி வரை அளக்க வேண்டும். கட்டியின் தடிமனோடு இதைக் குழப்பக் கூடாது. வெளியே புடைத்து வளர்ந்த கட்டிக்குத் தடிமன் அதிகம், ஆழம் குறைவாக இருக்கலாம். குழிப்புண்ணில் நேர்மாறு. புற்றுநோய் நிலைகளை வகுக்கும் ஏ.ஜே.சி.சி. கையேட்டின் எட்டாம் பதிப்பில் 2 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகூட ஆழம் 5 மி.மீ.யைத் தாண்டினால் டி1 நிலை இல்லை, அடுத்த நிலையான டி2. கழுத்து நிணநீர்க் கணுக்களை முன்கூட்டியே எடுப்பதா என்று அறுவை மருத்துவர் யோசிப்பது இந்த எண்ணைப் பார்த்துத்தான், எனவே அரை மி.மீ. தப்பும் தப்புதான்.

செல்தோட்டம்:

மூவருக்கும் நன்றி. அப்படியானால் டிரான்ஸ்வெல்லைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முன்பு சோதித்துப் பார்த்த எம்.எம்.பி. தடுப்பு மருந்துகள் நோயாளிகளிடம் தோற்றதற்கும் இதுதான் காரணமா?

கொலாஜன்வலை பதில்:

தூக்கிப் போட வேண்டாம். எந்தப் பக்கம் இழுப்பு இருக்கிறது, எந்த ரிசப்டர் தேவை என்று பார்க்க அது நல்ல கருவி. 1962இல் பாய்டன் இந்த அறையைச் செய்ததே வெள்ளணுக்கள் எதை நோக்கிப் போகின்றன என்று அறியத்தான். என்சைம் தேவையா என்ற கேள்விக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

மாரிமாஸ்டாட் போன்ற அந்த மருந்துகள் தோற்றதற்கு இது ஒரு பங்குதான். சோதித்தது பெரும்பாலும் முற்றிய நிலை நோயாளிகளிடம், அங்கே செல் ஏற்கனவே பரவிவிட்டது. மூட்டு, தசை வலியால் அளவை ஏற்றவும் முடியவில்லை. எம்.எம்.பி.களில் சில கட்டியை அடக்கும் வேலையும் செய்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்து அடைத்தது தவறாகப் போயிற்று.

அடுத்து செய்வதானால் ஸ்பீராய்டு (செல்கள் சேர்ந்து திரண்ட உருண்டை). வட்டஅடி, ஒட்டாத 96 குழி பிளேட்டில் குழிக்கு 1,000 முதல் 5,000 செல். 231 தானாக இறுகாது, தளர்ந்த குவியலாகவே கிடக்கும். 2.5 சதவீத மேட்ரிஜெல் சேர்த்து மெதுவாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்தால் 2, 3 நாளில் உருண்டை திரளும். புதைப்பதற்கு முதலில் 50 மைக்ரோலிட்டர் கொலாஜனை அடியில் ஊற்றி இறுகவிட்டு, அதன் மேல் ஸ்பீராய்டு கலந்த ஜெல்லை ஊற்றுங்கள். அடுக்கு போடாமல் விட்டால் உருண்டை பிளாஸ்டிக்கில் போய் உட்கார்ந்து, செல் தரையில் பரவும், அதை ஊடுருவல் என்று எண்ணிவிடுவீர்கள். 0, 24, 48 மணி நேரத்தில் படம். பரப்பு எவ்வளவு கூடியது என்பதோடு நிறுத்தாமல், வெளியே வந்தவை தனிச் செல்லா, கயிறா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

திசுவரி:

முடிந்தால் அந்த ஸ்பீராய்டு ஜெல்லில் ஃபைப்ரோபிளாஸ்டையும் கலந்து ஒரு வரிசை வையுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்தால் முனையில் நிற்பது யார் என்று 48 மணி நேரப் படத்திலேயே தெரிந்துவிடும்.