ஜார்ஜ் பெரெஸ் கூட்டம் வரைவதில் மட்டும்தான் வல்லவரா?

நள்ளிரவு வாசகன் கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். அண்மையில், டிசி நிறுவனத்தின் ஜஸ்டிஸ் லீக் அணியும் மார்வெல் நிறுவனத்தின் அவெஞ்சர்ஸ் அணியும் சந்திக்கும் ‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’ காமிக்ஸ் தொடரின் நான்கு இதழ்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அதுவரை அந்த இரண்டு அணிகளிலும் இடம்பெற்றிருந்த அத்தனை பேரையும் மூன்றாம் இதழின் அட்டையில் ஓவியர் ஜார்ஜ் பெரெஸ் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். ஆனால், வியப்பு அடங்கிய பிறகு ஓர் ஐயம் எழுந்தது. அவரைப் பற்றி யார் எழுதினாலும் எத்தனை பேரை வரைந்தார் என்ற கணக்கில்தான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். உழைப்பு போற்றத்தக்கது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனினும் ஓர் ஓவியரை உழைப்பின் அளவை வைத்து மட்டும் மதிப்பிடலாமா? பழம்பெரும் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி வரைந்த ஒற்றை உருவமே கட்டத்தைப் பிளந்துகொண்டு நம் மீது பாயும். அத்தகைய ஆற்றல் பெரெஸிடம் எங்கே இருக்கிறது? அவருடைய அன்பர்கள் உண்மையில் எதை நேசிக்கிறீர்கள், அதை எந்த இதழில் காணலாம் என்று சொன்னால் மகிழ்வேன்.

கறுப்பு மை:

அந்த அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, கூட்டமே இல்லாத ஓர் இதழைக் கையில் எடுங்கள். எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மனுடன் சேர்ந்து பெரெஸ் 1980இல் தொடங்கிய ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ என்னும் இளம் சூப்பர்ஹீரோ அணியின் தொடரில் 38ஆம் இதழ் அது. 1984 ஜனவரித் தேதியிட்டு வந்தது. உலகை அழிக்கப் புறப்பட்ட வில்லன் எவனும் அதில் இல்லை. தன் பிறப்பைப் பற்றி எதுவும் அறியாத டோனா ட்ராய் என்னும் அணித் தோழிக்காக, ராபின் ஒரு துப்பறிவாளனைப் போலத் தடயம் தடயமாகத் தேடிச் செல்வதுதான் முழுக் கதையும். பறப்பதும் அடிப்பதும் இல்லாத இடத்தில் ஓவியர் எதை நம்புவார்? தயங்கி நிற்கும் தோளையும், பதில் சொல்லுமுன் கீழே தாழும் கண்களையும், ஒரு பழைய பொம்மையைப் பற்றியிருக்கும் விரல்களையும்தான் அவர் நம்ப வேண்டும். பெரெஸ் அவற்றை நம்பினார். இதழ் கடைசிப் பக்கம் வரை தொய்வில்லாமல் செல்கிறது.

அதே டோனாவின் திருமணத்தைச் சொல்லும் 50ஆம் இதழும் (அதற்குள் தொடரின் பெயர் ‘டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ்’ என்று மாறியிருந்தது) இந்த வகையைச் சேர்ந்ததே. சூப்பர்ஹீரோ இதழ் என்றால் பாதியிலாவது ஒரு சண்டை வேண்டும் என்ற எழுதப்படாத விதியை மீறி, விருந்தினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதையே காட்சியாக்கியிருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அக்காலத்து இதழ்கள் பலவற்றில் முகமூடியையும் தலைமுடியின் நிறத்தையும் நீக்கிவிட்டால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம்தான் மிஞ்சும். டைட்டன்ஸ் அணியின் பெண்களான பெரெஸின் ஸ்டார்ஃபயரும் ரேவனும் டோனாவும் நிழலுருவாக நின்றாலும் நாம் அடையாளம் கண்டுகொள்வோம். ஸ்டார்ஃபயர் இடத்தை நிறைத்து நிற்பாள். ரேவன் தன் மேலங்கிக்குள் ஒடுங்கி நிற்பாள்.

பக்கம் 22:

கறுப்பு மை சொல்வதில் பாதியை ஏற்கிறேன்; மீதியில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பெரெஸின் பக்கங்கள் பல நேரங்களில் மூச்சு முட்ட வைக்கின்றன. 1985ஆம் ஆண்டில் தொடங்கிப் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொடரில் ஒரே பக்கத்தில் பத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். அந்த நுணுக்கத்தை அன்றைய மலிவுத் தாளும் புள்ளிப் புள்ளியான வண்ண அச்சும் தாங்கவில்லை. கிர்பியிடம் வெற்றிடத்துக்கும் ஒரு வேலை இருந்தது. பெரெஸுக்கு வெற்றிடம் என்றாலே ஒவ்வாது என்றுதான் தோன்றுகிறது.

இத்தகைய உழைப்பு ஓவியரிடமும் விலை கேட்கும். 1991இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ தொடரில் முதல் மூன்று இதழ்களையும் நான்காவதன் ஒரு பகுதியையும் வரைந்ததோடு பெரெஸ் விலகிக்கொண்டார். எஞ்சியதை ரான் லிம் முடித்தார். அத்தொடரின் வில்லன் தானோஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழும் தோற்றம் பெரெஸின் அட்டையிலிருந்து வந்தது என்பது உண்மையே. ஆனாலும், ஒரு தொடரை முடித்துக் கொடுப்பதையும் ஓர் ஓவியரின் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சாம்பல் காகம்:

நெரிசல் இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நெரிசலுக்குள் நம் கண் எங்கும் வழி தவறுவதில்லை என்பதுதான் பெரெஸின் திறமை. ‘க்ரைசிஸ்’ ஏழாம் இதழின் அட்டையை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன சூப்பர்கேர்ளைக் கைகளில் ஏந்திக் கதறும் சூப்பர்மேன் முன்னே நிற்கிறார். பின்னே வீரர்கள் திரண்டு நிற்கிறார்கள். முதலில் நாம் பார்ப்பது அந்த அழுகையை. பிறகு துவண்டு கிடக்கும் அந்த உடலை. அதற்குப் பின்னரே மற்றவர்களை. இந்த வரிசையைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அதே அமைப்பைப் பின்பற்றி எத்தனையோ அட்டைகள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் துயரம் போஸாக மாறிவிட்டது.

பென்சில் வரைவுக்கு மையிட்டவர்களையும் மறந்துவிடக் கூடாது. ‘டைட்டன்ஸ்’ தொடரில் ரோமியோ டாங்கலும், ‘க்ரைசிஸ்’ தொடரின் பிற்பகுதியில் ஜெர்ரி ஆர்ட்வேயும் மையிட்டார்கள். ஆர்ட்வேயின் கையில் பெரெஸின் உருவங்களுக்கு எடை கூடியது என்பேன். ‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’ இதழ்களுக்கோ பெரெஸே மையிட்டார். அதனால் அவருடைய கோட்டை இடையில் யாருமின்றிப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் சரியான இடம்.

கேள்வி கேட்டவர் தேடும் ஒற்றை உருவமும் அங்கேயே இருக்கிறது. நான்காம் இதழில் ஒரு கையில் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தையும் மறு கையில் தோரின் சுத்தியலையும் ஏந்திக்கொண்டு சூப்பர்மேன் போருக்குப் பாய்கிறாரே, அதைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். இரண்டு நிறுவனங்களும் இணைந்து இப்படியொரு கதையை வெளியிடும் முயற்சி எண்பதுகளின் தொடக்கத்திலேயே பெரெஸின் கைக்கு வந்து, அவர் பல பக்கங்களை வரைந்த பிறகு நிறுவனங்களுக்கு இடையிலான பிணக்கால் நின்றுபோனது. 2003இல்தான் எழுத்தாளர் கர்ட் பியூசிக்குடன் அது கைகூடியது. இருபது ஆண்டு ஏக்கம் அந்த ஒரு படத்தில் தெரிகிறது என்று சொன்னால் மிகையென்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

நள்ளிரவு வாசகன்:

அனைவருக்கும் நன்றி. அந்தப் படத்தில் நானும் சற்று நின்றுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினேன். கேள்வி எழுதும்போது அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ‘வொண்டர் வுமன்’ பற்றி யாரும் பேசவில்லையே? அதையும் அவருடைய சாதனைகளில் ஒன்றாகச் சொல்கிறார்களே.

கறுப்பு மை:

முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். ‘க்ரைசிஸ்’ முடிந்த கையோடு 1987இல் அந்தப் பாத்திரத்தைப் புதிதாகத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. முதலில் மற்றவர்களோடு சேர்ந்து கதையமைத்தார். பிறகு எழுத்தையும் தாமே ஏற்று 1992 வரை அந்தத் தொடரிலேயே இருந்தார். கிரேக்கத் தொன்மத்தைப் பின்னணி அலங்காரமாக விட்டுவிடாமல் கதைக்கே அடித்தளமாக்கியதும், ஒலிம்பஸை மேலும் கீழும் குழம்பிப்போகும் படிக்கட்டுகளாக வரைந்ததும் எனக்கு மிகவும் பிடித்தவை. வொண்டர் வுமனான டயானாவை வெறும் வலிமையின் உருவமாக இல்லாமல், புதிய உலகைக் கண்டு வியக்கும், மொழி தெரியாமல் தடுமாறும் இளம்பெண்ணாகக் காட்டியதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். டோனாவின் இதழில் நான் சுட்டிய அதே கவனிப்பு இங்கே ஒரு முழுத் தொடரையும் தாங்கி நிற்கிறது.

பக்கம் 22:

என் குறையை முழுவதுமாகத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் ‘வொண்டர் வுமன்’ தொடக்க இதழ்களுக்கு அது பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பெரெஸ் 2019 ஜனவரியில் உடல்நலக் காரணங்களால் ஓய்வை அறிவித்தார். 2021 டிசம்பரில் தமக்குக் கணையப் புற்றுநோய் இருப்பதையும் அவரே வெளிப்படையாகத் தெரிவித்தார். ஒருபோதும் எளிதில் ஒத்துப்போகாத இரண்டு பெரிய நிறுவனங்களும், நலிவுற்ற காமிக்ஸ் படைப்பாளிகளுக்கு உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்பின் வழியாக ‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’ மறுபதிப்பை வெளியிட 2022இல் இசைந்தன. 7,000 படிகள் மட்டுமே அச்சாயின. அவ்வாண்டு மே 6ஆம் நாள், தம் 67ஆம் வயதில் அவர் காலமானார்.

நள்ளிரவு வாசகன் அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டால், 38ஆம் இதழ், பிறகு ‘வொண்டர் வுமன்’ முதல் ஏழு இதழ்கள், அதன் பின் ‘க்ரைசிஸ்’ என்ற வரிசையைச் சொல்வேன். கடைசியில் உள்ளதை மட்டும் கைப்பேசித் திரையில் படிக்காதீர்கள். பெரிய அளவில் அச்சான தொகுப்பு கிடைத்தால் அதற்காகக் காத்திருக்கலாம்.